மேஸ்திரி பதில்கள்: ‘நிறுத்து’ என்று சொல்ல யாருக்கு வாய் உண்டு?

உதவியாளாக நுழைந்து, சாரம் கட்டி, சென்ட்ரிங் (காங்கிரீட் இறுகும்வரை அதைத் தாங்கும் பலகையும் முட்டும்) அடித்து, கடைசியில் ஃபோர்மேனாக ஓய்வுபெற்றவன் என்ற தகுதியில்தான் இந்தப் பக்கத்தில் பதில் எழுதுகிறேன். வழக்கமாக வீடு கட்டுகிறவர்கள் விரிசல், ஒழுக்கு, கலவை என்று கேட்பார்கள். இந்த முறை ஆட்களை வைத்து வேலை வாங்குகிறவர்களின் கடிதங்களே குவிந்திருக்கின்றன. ஒழுக்குக்காரர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: ஐயா, போன மாதம்வரை நானும் கம்பி கட்டும் ஆள்தான். இப்போது அதே கோஷ்டிக்கு என்னை ஃபோர்மேன் ஆக்கிவிட்டார்கள். வயதில் மூத்தவர்கள், ‘நேத்து வரைக்கும் நம்மகூட குனிஞ்சு கட்டினவன்’ என்று சிரிக்கிறார்கள். கண்டிப்பு காட்டுவதா, பழையபடி பழகுவதா?

சிரிக்கட்டும் தம்பி. அவர்கள் சொல்வது உண்மைதானே? அண்ணே என்று கூப்பிட்டவரை இன்றும் அண்ணே என்றே கூப்பிடுங்கள். பதவி வந்ததும் கூப்பிடும் முறை மாறினால்தான் சிரிப்பு வெறுப்பாகும்.

முதல் வாரம் ஒன்றையும் மாற்ற வேண்டாம். ஆட்கள் எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்பதை மட்டும் பாருங்கள். கம்பிக் கட்டு தளத்தின் அந்தக் கோடியில் இறக்கியிருக்கிறதா? வரைபடத்தின் பழைய பிரதியை வைத்துக்கொண்டு வளைக்கிறார்களா? கட்டுக்கம்பி தீர்ந்துபோய் ஒருவன் கீழே ஓடுகிறானா? காத்திருந்த கோஷ்டி பிறகு அந்த நேரத்தைப் பிடிக்க ஓடும். ஓடும்போதுதான் பின்னிய கம்பி வலைக்குள் கால் இறங்குகிறது, நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி முனையில் ஆள் விழுகிறான். அதனால் வேலையைத் திட்டமிடுவது ஒன்று, ஆளைக் காப்பது வேறொன்று என்று நான் பிரித்துப் பார்த்ததில்லை. முதல் நாள் மாலையே பொருளைக் கையெட்டும் இடத்தில் இறக்க வைத்து, வலைமேல் நடக்கப் பலகை போட்டு, கம்பி முனைகளுக்குத் தொப்பி மாட்டியிருந்தால், மறுநாள் பாதி அதட்டல் மிச்சம். மூத்தவர்களின் சிரிப்பும் அங்கேதான் குறையும். ‘பையன் வந்தப்புறம் பொருளுக்காக நிக்கிறதில்ல’ என்று அவர்களே சொல்வார்கள்.

கண்டிப்பு பற்றி. எதில் விட்டுக்கொடுக்க மாட்டீர்கள் என்று மூன்றே மூன்று விஷயங்களை இப்போதே முடிவு செய்து எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். என்னுடையவை: உயரத்தில் கொக்கி மாட்டாமல் நிற்பது, பக்கவாட்டுத் தாங்கல் இல்லாத பள்ளத்தில் இறங்குவது, தூக்கிய சுமைக்கு அடியில் போவது. அதை முதலில் மீறப்போவது உங்கள் நெருங்கிய நண்பராகத்தான் இருப்பார். அன்றைக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதை வைத்துத்தான் மற்றவர்கள் உங்களை எடைபோடுவார்கள்.

திட்டுவதானால் தனியாகக் கூப்பிட்டுத் திட்டு என்பார்கள். கட்டு வேலை கோணலாக இருந்தால் அது சரி. உயிர் போகிற விஷயத்தில் அங்கேயே, அப்போதே வேலையை நிறுத்துங்கள். பேச்சை வேண்டுமானால் தனியாக வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: தினமும் காலையில் ‘டூல்பாக்ஸ் பேச்சு’, அதாவது வேலைக்கு முன் பாதுகாப்பு பற்றிய சிறு பேச்சு, நடத்தச் சொல்கிறது கம்பெனி. பாதுகாப்பு அதிகாரி தரும் தாளைப் படிக்கிறேன். ஆட்கள் கொட்டாவி விடுகிறார்கள், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள். இதனால் யாருக்கு லாபம்?

கையெழுத்து நோட்டுக்கு லாபம். வேறு யாருக்கும் இல்லை.

தாளைத் தூக்கி ஓரமாக வையுங்கள். அலுவலக வாசலில் நின்று பேசாமல், அன்றைக்கு வேலை நடக்கப்போகும் இடத்துக்கே எல்லோரையும் கூட்டிப்போங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். நான் சொல்லும் முதல் வாக்கியம் எப்போதும் ‘நேத்துக்கும் இன்னிக்கும் என்ன மாறியிருக்கு’ என்பதாக இருக்கும். ராத்திரி மழை பெய்தது, பள்ளத்தின் கரை நனைந்திருக்கிறது. லிஃப்ட் குழிக்குப் போட்டிருந்த மூடியை யாரோ எடுத்திருக்கிறார்கள். பக்கத்தில் வெல்டிங் கோஷ்டி இன்று புதிதாக வருகிறது. சைட்டில் ஆட்களை அடிப்பது பெரும்பாலும் இந்த மாதிரி மாற்றங்கள். ‘ஹெல்மெட் அணிவோம், உயிர் காப்போம்’ என்று நூறு தடவை கேட்டவனுக்கு, மூடி இல்லாத குழி எங்கே இருக்கிறது என்பதுதான் தேவையான செய்தி.

அடுத்து, நீங்கள் பேசுவதை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். பொதுவாக ‘புரிஞ்சுதா?’ என்று கேட்டால் எல்லாத் தலையும் ஆடும். அந்தக் கேள்விக்கு மதிப்பே கிடையாது. ஒருவரைப் பார்த்து, ‘இந்த பீம் பலகையை நீங்க எந்தப் பக்கம் நின்னு இறக்கப் போறீங்க? எங்க கொக்கி மாட்டுவீங்க?’ என்று கேளுங்கள். அவர் கையை நீட்டிக் காட்டும்போது தெரிந்துவிடும், கொக்கி மாட்ட அங்கே இடமே இல்லை என்று. அது அவருடைய தவறல்ல. நீங்கள் செய்து தர வேண்டிய ஏற்பாடு. நிறைய நாட்களில் காலைப் பேச்சில் நான்தான் அதிகம் தெரிந்துகொண்டேன்.

வாயே திறக்காத ஆள் ஒருவர் எல்லாக் கோஷ்டியிலும் இருப்பார். வாரம் ஒருமுறையாவது அவரிடம், ‘இங்க உங்களுக்குப் பிடிக்காத இடம் எது?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘ஆபத்து எது’ என்று கேட்டால் பாடம் ஒப்பிப்பார். பிடிக்காத இடத்தைக் கேட்டால் உண்மை வரும். சொன்னதை அன்று மாலைக்குள் சரி செய்யுங்கள், அல்லது ஏன் இன்று முடியவில்லை என்று திரும்பப் போய்ச் சொல்லுங்கள். இரண்டும் நடக்கவில்லையென்றால் அவர் இனி சொல்ல மாட்டார். அவர் மட்டுமல்ல, பார்த்துக்கொண்டிருந்த யாரும் சொல்ல மாட்டார்கள்.

நோட்டில் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். அதிகாரிக்கும் வேலை ஓட வேண்டுமே.

கேள்வி: உயரத்தில் வேலை செய்யும் என் ஆட்கள் எல்லோரும் பாதுகாப்பு பெல்ட் கட்டுகிறார்கள். ஆனால் கொக்கியைத் தோளில் போட்டுக்கொண்டே வேலை செய்கிறார்கள். கீழிருந்து கத்தினால் மாட்டுகிறார்கள், நான் நகர்ந்ததும் கழற்றிவிடுகிறார்கள். அபராதம் போடலாமா?

முதலில் கத்துவதை நிறுத்துங்கள். உயரத்தில் நிற்பவனின் பெயரைச் சொல்லிக் கத்தினால் அவன் கண்ணை வேலையிலிருந்து எடுத்துத் திரும்பிப் பார்ப்பான். அவனைக் காப்பாற்றப் போட்ட சத்தமே அவனைத் தள்ளிவிடலாம்.

பிறகு நீங்களே பெல்ட் கட்டி, அவர்கள் நிற்கும் இடத்தில் ஏறி, ஒரு மணி நேரம் அந்த வேலையைச் செய்து பாருங்கள். கொக்கி மாட்டாததற்குப் பெரும்பாலும் திமிர் காரணமல்ல. மாட்ட உறுதியான இடம் இல்லை, அல்லது இரண்டடி நகர்ந்தால் கழற்றி மாட்ட வேண்டியிருக்கிறது, அல்லது கயிறு கையைத் தடுக்கிறது. நகர்ந்துகொண்டே செய்யும் வேலைக்கு ஒற்றைக் கொக்கி கொடுத்துவிட்டு ஆளைத் திட்டுவது நியாயமில்லை. இரட்டைக் கொக்கி கொடுத்தால் ஒன்றை மாட்டிய பிறகே இன்னொன்றை எடுக்கலாம். ஓரம் நெடுகப் போகும் வேலைக்கு உயிர்க்கயிறு இழுத்துக் கட்டித் தர வேண்டும். அதையும் கண்ட தூணில் கட்டக் கூடாது. ஓர் ஆளுக்கான பிடிமானம் சுமார் 2,200 கிலோவைத் தாங்க வேண்டும் என்பது அமெரிக்க விதியில் உள்ள கணக்கு. ஜி.ஐ. குழாயும் செங்கல் சுவரில் அடித்த ஆணியும் அதில் சேர்த்தி இல்லை.

மாட்டினாலும் பயனில்லாத இடம் ஒன்று உண்டு. அதைப் பலர் யோசிப்பதில்லை. கயிறு 1.8 மீட்டர். விழும்போது அதிர்ச்சியைத் தாங்கும் மடிப்பு பிரிந்து இன்னும் ஒரு மீட்டருக்கு மேல் நீளும். முதுகு வளையத்திலிருந்து பாதம்வரை ஒன்றரை மீட்டர். பாதுகாப்புக்கு உபரியாக ஒரு மீட்டர். கூட்டிப் பாருங்கள்: மாட்டிய இடத்துக்குக் கீழே ஏறக்குறைய ஐந்தரை மீட்டர் காலி இடம் வேண்டும். நாலு மீட்டர் உயரத் தளத்தில், காலடிக் கம்பியில் கொக்கியை மாட்டி நிற்பவன், பெல்ட் அறுந்துபோகாமலே தரையில் மோதுவான். தலைக்கு மேலே மாட்டினால்தான் விழும் தூரம் குறையும்.

விழுந்து தொங்கினால் கதை முடிந்துவிடுவதும் இல்லை. பெல்ட்டில் அசையாமல் தொங்குகிறவனுக்குக் காலில் ரத்தம் தங்கி, சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம். அவனை எப்படி இறக்குவது, யார் இறக்குவது, ஏணியா கூடையா என்பது ஏறுவதற்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும். இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத சைட்டுகள்தான் நான் பார்த்ததில் அதிகம்.

உண்மையில் பெல்ட் கடைசி வழிதான். ஓரத்தில் ஒரு மீட்டருக்குக் குறையாத உயரத்தில் கைப்பிடி, நடுக்கம்பி, அடியில் பொருள் விழாமல் தடுக்கும் பலகை என்று வேலி போட்டுவிட்டால் யாரும் எதையும் மாட்ட வேண்டியதில்லை. வேலி போட முடியாத இடத்தில் வலை. சான்பிரான்சிஸ்கோவில் கோல்டன் கேட் பாலத்தை 1933 முதல் 1937வரை கட்டியபோது அடியில் வலை விரித்தார்கள். அதில் விழுந்து 19 பேர் பிழைத்தார்கள். அதே பாலத்தில் 1937 பிப்ரவரி 17 அன்று ஒரு சாரமே பெயர்ந்து வலையைக் கிழித்துக்கொண்டு போனதில் 10 பேர் இறந்தார்கள். வலையின் மேல் ஆள் விழலாம், சாரம் விழக்கூடாது. எந்த ஏற்பாட்டுக்கும் அது எதைத் தாங்கும் என்று ஓர் எல்லை இருக்கிறது. ஃபோர்மேனுக்கு அந்த எல்லை தெரிந்திருக்க வேண்டும்.

அபராதத்துக்கு வருகிறேன். இடமும் கயிறும் கொடுத்த பிறகும் மாட்டாதவரை அன்றைக்குக் கீழே இறக்கித் தரை வேலை கொடுங்கள். காசு பிடித்தால் உங்களைப் பார்த்ததும் மாட்டப் பழகுவார்கள். இப்போது நடப்பதும் அதுதானே?

கேள்வி: அடுத்த மாடிக்குப் பலகை வேண்டும் என்பதற்காக, போன வாரம் காங்கிரீட் போட்ட தளத்தின் சென்ட்ரிங்கைப் பிரிக்கச் சொல்கிறார் கான்ட்ராக்டர். இன்ஜினியர் ஊரில் இல்லை. போனில் ‘ஒண்ணும் ஆகாது’ என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் மறுத்தால் வேறு ஆளை வைத்துப் பிரித்துவிடுவார்கள். என்ன செய்வது?

இந்தக் கடிதத்தைத்தான் இரண்டு முறை படித்தேன்.

உங்கள் மனசு சொல்வதற்குப் பின்னால் கணக்கு இருக்கிறது. அதைத் தெரிந்து வைத்துக்கொண்டு பேசினால் பேச்சுக்கு எடை கூடும். 15 சென்டிமீட்டர் கனமுள்ள தளம், ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 375 கிலோ. குடியிருப்புக் கட்டடத் தளத்தை மக்கள், மேசை நாற்காலிக்காக வழக்கமாகக் கணக்கிடும் பாரம் சதுர மீட்டருக்கு 200 கிலோ அளவுதான். மேல்தளத்தின் ஈரக் காங்கிரீட்டை முட்டுகள் மூலம் கீழ்த்தளத்தின் தலையில் ஏற்றும்போது, அது வாழ்நாளில் தாங்கப்போவதைவிடப் பெரிய பாரத்தை, அதன் மிக இளம் பருவத்தில் ஏற்றுகிறோம். அதனால்தான் அடுத்தடுத்து இரண்டு மூன்று மாடிகளுக்கு முட்டுகளை விட்டுவைப்பது. ‘காங்கிரீட் இறுகிவிட்டது, சுத்தியலால் தட்டினால் கணீர் என்கிறது’ என்பார்கள். மேற்பரப்பு இறுகுவது வேறு, வலு ஏறுவது வேறு. குளிர் நாட்களில் வலு மெதுவாகவே ஏறும். நாட்காட்டியில் அதே ஏழு நாள் போயிருக்கும், காங்கிரீட்டுக்குப் போயிருக்காது.

1973 மார்ச் 2 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஸ்கைலைன் பிளாசா என்ற அடுக்குமாடியில் 24ஆவது தளத்துக்குக் காங்கிரீட் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்கு அடியில் 23ஆவது தளத்தைத் தாங்கிய முட்டுகளை முன்னதாகவே எடுத்துவிட்டார்கள். மேலிருந்து இடிந்தது தரைவரை போய்த்தான் நின்றது. 14 தொழிலாளர்கள் இறந்தார்கள். ஐந்து வருடம் கழித்து, 1978 ஏப்ரல் 27இல், மேற்கு வர்ஜீனியாவின் வில்லோ தீவில் ஒரு குளிர்விப்புக் கோபுரம். சாரமே கோபுரச் சுவரில் பூட்டப்பட்டிருந்தது. சுவர் வளர வளர சாரமும் ஏறும். முந்தின நாள் போட்ட காங்கிரீட் போதிய வலு பெறாத நிலையில் அதன்மேல் பாரம் ஏற்றினார்கள். 51 பேர் சாரத்தோடு விழுந்து இறந்தார்கள். இரண்டிலும் வினோதமான தொழில்நுட்பக் கோளாறு எதுவும் இல்லை. உங்கள் கான்ட்ராக்டர் கேட்பது போன்ற ஓர் அவசரம்தான்.

இனி செய்ய வேண்டியது. ‘முடியாது’ என்ற சொல்லோடு போய் நிற்காதீர்கள். அது உங்களுக்கும் அவருக்குமான மல்லுக்கட்டாகிவிடும். ‘பிரிக்கத் தயார், சோதனை முடிவு வேண்டும்’ என்று போங்கள். தளத்தோடு சேர்த்து வார்த்து, அதே வெயிலிலும் காற்றிலும் தளத்தின் பக்கத்திலேயே வைத்திருந்த கட்டிகளை நசுக்கிப் பார்த்த முடிவு. சோதனைச்சாலைத் தண்ணீர்த் தொட்டியில் சுகமாகக் கிடந்த கட்டியின் முடிவு தளத்தைப் பற்றிப் பேசாது. அந்த எண்ணைப் பார்த்து, எந்த முட்டு எப்போது எடுக்கலாம் என்று இன்ஜினியர் எழுதித் தர வேண்டும். போனில் வந்த ‘ஒண்ணும் ஆகாது’ என்பதை நீங்களே குறுஞ்செய்தியாக எழுதி அவருக்கு அனுப்புங்கள்: ‘இந்தத் தேதியில் போட்ட தளம், இத்தனை நாள் ஆகிறது, முட்டு எடுக்கச் சொல்கிறீர்கள், சரிதானே?’ வாயால் எளிதில் சொன்னவர் எழுத்தில் சொல்ல யோசிப்பார். பெரும்பாலும் ‘இரண்டு நாள் பொறு’ என்றே பதில் வரும்.

கூடவே மாற்று வழியும் கையில் இருக்கட்டும். அவருக்கு வேண்டியது பலகை. சுவர், தூண்களின் பக்கவாட்டுப் பலகையைத் தளத்துக்கு முன்பே எடுக்கலாம். அவை பாரம் தாங்குவதில்லை. இன்னொரு செட் பலகையை வாடகைக்கு எடுக்கலாம். அல்லது பலகையை எடுத்தாலும் முட்டு இடம் மாறாமல் நிற்கும் வகையான சென்ட்ரிங்குக்கு அடுத்த முறை மாறலாம்.

வேறு ஆளை வைத்துப் பிரித்தால்? அந்த நேரம் உங்கள் கோஷ்டியைத் தளத்துக்கு மேலேயும் கீழேயும் நிற்க விடாதீர்கள். பிரிக்க வருகிறவர்களிடமும் நேரில் போய்ச் சொல்லுங்கள்; அவர்களும் யாரோ ஒருவர் வீட்டுப் பிள்ளைகள்தான். கட்டுமானப் பாதுகாப்புக்கான பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1988ஆம் ஆண்டு 167ஆவது ஒப்பந்தம், உடனடியான பெரிய ஆபத்து இருப்பதாக நம்ப நியாயமான காரணம் இருந்தால் தொழிலாளி அங்கிருந்து விலகலாம், விலகியதும் மேற்பார்வையாளரிடம் சொல்ல வேண்டும் என்கிறது. ஒப்பந்தத்தை ஏற்ற நாடுகளும் உண்டு, ஏற்காத நாடுகளும் உண்டு. ஆனால் கேட்டது உங்கள் பிடிவாதம் அல்ல, உலகம் எழுதி வைத்த முறை என்று தெரிந்தால் குரல் நடுங்காது.

முறையாகப் பிரிக்கும் நாள் வரும்போது ஒன்றை மறக்க வேண்டாம். இருபுறமும் தாங்கலுள்ள தளத்தில் நடுவிலிருந்து தாங்கலை நோக்கி முட்டெடுங்கள். வெளியே நீட்டிய சன்ஷேடு, பால்கனிக்கு நுனியிலிருந்து சுவரை நோக்கி. தலைகீழாகச் செய்தால் வலு ஏறிய காங்கிரீட்டும் விரிசல் விடும்.

கேள்வி: நான் சித்தாளாக வேலை செய்கிறேன். பெண்களுக்குக் கழிப்பறை இல்லாததால் நாங்கள் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. வெயிலில் போன வாரம் ஒருத்தி மயங்கி விழுந்தாள். மேஸ்திரியிடம் இதை எப்படிச் சொல்வது என்று கூச்சமாக இருக்கிறது.

தாயே, நீங்கள் சொல்ல வேண்டாம். இந்தப் பக்கத்தைக் கிழித்து அவர் கையில் கொடுங்கள். இனி மேஸ்திரிக்கு எழுதுகிறேன்.

அய்யா, இது பெண்கள் பிரச்சினை அல்ல, உங்கள் வேலைப் பிரச்சினை. கடும் வெயிலில் உழைப்பவர் கால் மணியிலிருந்து இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு குவளை, சுமார் கால் லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும். பூட்டும் வெளிச்சமும் உள்ள கழிப்பறை இல்லாத இடத்தில் நீங்கள் எத்தனை குடம் தண்ணீர் வைத்தாலும் அவர்கள் தொட மாட்டார்கள். நிழலும் வேண்டும். புதிதாக வந்தவரையும், நீண்ட விடுப்பு முடிந்து வந்தவரையும் தனியாகக் கவனியுங்கள். உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும். புதியவருக்கு முதல் நாள் வழக்கமான நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் வெயில் வேலை கொடுத்து, நாளுக்கு நாள் கூட்டுவதுதான் முறை. பேச்சு குழறினாலோ, புத்தி தடுமாறினாலோ அது வெறும் சோர்வு அல்ல. உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, விசிறி, ஆம்புலன்சுக்குச் சொல்லுங்கள். தனியாக உட்கார வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

கேள்வி: என் கோஷ்டியில் மூன்று மொழி பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். சொல்வது பாதிதான் போய்ச் சேருகிறது.

மூன்று மொழியிலும் ‘நில்’, ‘விலகு’, ‘மேலே பார்’, ‘கரண்ட்’ ஆகிய நான்கையும் எல்லோரும் கற்றுக்கொள்ளுங்கள், நீங்கள் உட்பட. மற்றதைச் செய்து காட்டுங்கள், பிறகு அவர்களைச் செய்து காட்டச் சொல்லுங்கள். மொழிபெயர்க்கும் ஆளாக எப்போதும் ஒருவரையே வைத்துக்கொள்ளாதீர்கள். அவர் விரும்பாத செய்தி உங்களுக்கு வராது.

கேள்வி: குழாய் பதிக்க ஆறடி ஆழப் பள்ளம். மண் கெட்டியாக, வெட்டிய சுவர் போல நிற்கிறது. அரை மணி நேர வேலைக்குப் பலகை அடிக்க வேண்டுமா?

வேண்டும். கெட்டி மண்ணும் எச்சரிக்கை இல்லாமல்தான் சரியும். ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்குக் குறையாது. தலை வெளியே இருந்தாலும், நெஞ்சை மண் இறுக்கினால் மூச்சு இழுக்க முடியாது. ஒன்றரை மீட்டரைத் தாண்டினால் தாங்கல், அல்லது சரிவாக வெட்டு, அல்லது உள்ளே நிற்பவரை மண்ணிலிருந்து காக்கும் இரும்புப் பெட்டி என்பது அமெரிக்க விதி. மண் சந்தேகமாக இருந்தால் அதற்குக் குறைந்த ஆழத்திலும்தான். தோண்டிய மண்ணை விளிம்பிலிருந்து குறைந்தது 60 சென்டிமீட்டர் தள்ளிக் கொட்டுங்கள். உள்ளே ஏணி இருக்கட்டும். தினமும் காலையிலும், ஒவ்வொரு மழைக்குப் பிறகும் கரையைப் பார்த்த பிறகே ஆள் இறங்கலாம். யாராவது புதைந்தால் காப்பாற்ற இன்னொருவர் குதிக்கக் கூடாது. இரண்டாவது சரிவு அவருக்காகக் காத்திருக்கும்.

கேள்வி: விபத்தே நடக்காத மாதத்துக்கு எங்கள் கோஷ்டிக்குப் பரிசு தருகிறார்கள். ஆறு மாதமாகத் தொடர்ந்து வாங்குகிறோம். ஆனால் போன வாரம் மேலிருந்து ஒரு ஜாக்கி (முட்டுக்கு வைக்கும் இரும்புக் கால்) விழுந்து ஒருவர் காலருகே குத்தியது. மூன்று நாள் கழித்துத்தான் எனக்கே தெரிந்தது. நான் நல்ல ஃபோர்மேனா இல்லையா?

உங்கள் பரிசுதான் அந்தச் செய்தியை மூன்று நாள் மூடி வைத்தது. ஒருவன் சொன்னால் எல்லோருக்கும் பரிசு போகும். யார் சொல்வார்கள்? அந்த ஏற்பாட்டை மாற்றச் சொல்லி மேலே பேசுங்கள். பரிசு தந்தே ஆக வேண்டுமென்றால், தப்பிப் பிழைத்த சம்பவத்தை முதலில் வந்து சொல்பவருக்குத் தரச் சொல்லுங்கள்.

ஒரு ஃபோர்மேனை அளக்க என்னிடம் ஒரே அளவுகோல்தான் உண்டு: கெட்ட செய்தி அவர் காதுக்கு வர எவ்வளவு நேரமாகிறது. ஜாக்கி விழுந்ததும் வந்து சொல்பவனைப் பார்த்து நீங்கள் கேட்கும் முதல் கேள்வி ‘யார் போட்டது?’ என்றால், அடுத்த முறை நாலு நாளாகும். ‘யாருக்கும் அடிபடலையே? எங்கிருந்து விழுந்தது, அங்க இன்னும் என்னென்ன அவிழ்ந்து கிடக்கு?’ என்றால் அடுத்தது அரை மணியில் வரும்.

செய்தி வந்தால் மட்டும் போதாது என்பதற்கு கனடாவின் கியூபெக் பாலம் சாட்சி. 1907இல், பாதி கட்டிய பாலத்தின் கீழ்ப்பக்க இரும்பு உறுப்புகள் வளைவதை சைட்டில் இருந்தவர்கள் பார்த்தார்கள், அளந்தார்கள். ‘வரும்போதே வளைந்திருந்ததா, இப்போதுதான் வளைகிறதா’ என்று வாதம் நடந்தது. ஒரு இளம் இன்ஜினியர் நியூயார்க்குக்கே ஆலோசகரிடம் போனார். ‘பாலத்தில் இனி பாரம் ஏற்ற வேண்டாம்’ என்று ஆலோசகர் தந்தி கொடுத்தார். தந்தி போனது கம்பெனியின் அலுவலகத்துக்கு, பாலத்துக்கு அல்ல. அன்று, ஆகஸ்ட் 29 மாலை, வேலை முடியும் நேரத்தில் பாலம் ஆற்றில் விழுந்தது. 75 பேர் இறந்தார்கள். எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கண்ணால் பார்த்த இடத்திலேயே வேலையை நிறுத்த யாரும் முன்வரவில்லை.

ஆகவே உங்கள் கோஷ்டியில் யார் வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று அறிவியுங்கள். அறிவித்தால் மட்டும் யாரும் நம்ப மாட்டார்கள். முதல்முறை ஒரு உதவியாள் பயந்துபோய் நிறுத்துவான், போய்ப் பார்த்தால் ஒன்றுமே இருக்காது. அரை மணி வீண். அப்போது உங்கள் முகத்தைத்தான் எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ‘நிறுத்தினது சரி’ என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லுங்கள். அடிக்கணக்கில் கூலி வாங்குகிறவர்களாக இருந்தால் அந்த அரை மணியை அவர்கள் தலையில் கட்டாதீர்கள். கூலி வெட்டினால் சொன்ன சொல்லும் சேர்ந்து வெட்டுப்படும்.

கேள்வி: ஃபோர்மேன் தானும் கையால் வேலை செய்ய வேண்டுமா?

எப்போதாவது செய்யுங்கள், கை மறக்காமல் இருக்க. காங்கிரீட் போடும்போதும், சுமை தூக்கும்போதும், முட்டு எடுக்கும்போதும் கையில் எதுவும் இருக்கக் கூடாது. கையில் கரணை (கொத்துக் கரண்டி) இருந்தால் கண் கரணையோடு போகும்.

கேள்வி: கிரேனுக்கு சிக்னல் கொடுக்க ஒருவரை மட்டும் நியமித்திருக்கிறேன். மற்றவர்களும் கையைக் காட்டுகிறார்கள் என்று ஆபரேட்டர் சலித்துக்கொள்கிறார். எல்லோரையும் தடுத்துவிடலாமா?

‘தூக்கு, இறக்கு, திருப்பு’ எல்லாம் ஒருவர் கையிலிருந்து மட்டுமே வர வேண்டும். அவருக்குத் தனி நிறச் சட்டை கொடுங்கள், ஆபரேட்டர் தேடாமல் கண்டுபிடிக்க. ஆனால் ‘நிறுத்து’ சிக்னலை யார் காட்டினாலும், நேற்று சேர்ந்த பையன் காட்டினாலும், ஆபரேட்டர் நிறுத்தியே ஆக வேண்டும். உலகெங்கும் கிரேன் வேலையில் இருக்கும் விதி இது. சிக்னல்காரரைக் கண்ணில் காணாவிட்டாலும், வாக்கி டாக்கி கரகரத்தாலும் அதுவே. நிறுத்திய பிறகு மறுபடி தொடங்கச் சொல்வது சிக்னல்காரர் மட்டும், அதுவும் நிறுத்தியவர் எதைப் பார்த்தார் என்று கேட்டு, சுமைக்கு அடியில் ஆள் இல்லை என்று பார்த்த பிறகு. நாளை காலை ஆபரேட்டரையும் கீழே இறங்கி வரச் சொல்லி, கோஷ்டி முன்னால் வைத்தே இதைப் பேசுங்கள். காற்று எவ்வளவு வீசினால் அவர் கிரேனை நிறுத்துவார் என்பதையும் அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள்.